இன்னும் ரெண்டு அடி

இந்த அறையில் ஏர்கான் கொஞ்சம் அதிகம். எனக்காகச் சொல்லவில்லை, சுஷ்மிதாம்மா. உங்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் நான் சொல்வதை இன்ஸ்பெக்டருக்கு யார் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது? காலையிலிருந்து கவனிக்கிறேன், நன்றாகத்தான் மொழிபெயர்க்கிறீர்கள். ஒரு சொல்லைக்கூட விடுவதில்லை. நான் கொட்டாவி விட்டால் அதையும் ஆங்கிலத்தில் விடுவீர்கள் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், விளையாட்டுக்குச் சொன்னேன்.

எனக்கும் ஆங்கிலம் தெரியும். ஈசூனில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரோடு தினமும் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறேன். ஆனாலும் தமிழில்தான் வாக்குமூலம் கொடுப்பேன் என்று கேட்டு வாங்கினேன். இருதயராஜுக்கும் எனக்கும் நடுவே நடந்ததெல்லாம் தமிழில்தான் நடந்தது.

என் பெயர் சுப்பிரமணியம். மணியண்ணன் என்றால்தான் சிராங்கூன் ரோட்டில் தெரியும். ஷிப்யார்டு தொழிலாளர்களை விடுதியிலிருந்து ஏற்றிப்போய் இறக்கும் பஸ்ஸை ஓட்டுகிறேன். ஆனால் சிங்கப்பூர் என்னைத் தேடி வருவது தைப்பூசத்துக்கு. அலகுக் காவடி எடுப்பவருக்கு முன்னால் ஓர் ஆள் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை பின்பக்கமாகவே நடக்க வேண்டும். காவடிக்காரரின் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்க மாட்டேன். அவர் தள்ளாடினால், 'போதும், இறக்குங்க' என்று கெஞ்சினால், "இன்னும் ரெண்டு அடி, தம்பி, ரெண்டே அடி" என்பேன். ரெண்டு அடி வைப்பார். மறுபடி ரெண்டு அடி என்பேன். இப்படியே கோயில் வந்துவிடும். என்னோடு வந்த யாரும் நடுவழியில் காவடியை இறக்கியதில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஒருவர்தான் இறக்கினார். அது நான். இளவட்டமாக இருந்தபோது, டோபி காட் திரும்பும் இடத்தில், முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். கோயில் ஒரு கூப்பிடு தூரம். என் காவடியைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அப்பா ஒரு பாக்கெட் பார்லித் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்துபோனார். இன்றைக்கும் அந்தப் பக்கம் எம்ஆர்டி ரயிலில் போனால் கண்ணை மூடிக்கொள்வேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

இருதயராஜ் ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரன். வெல்டர். அவன் ஏறினால் பஸ் ஒரு பக்கம் சாயும். "நீ நடுவுல உக்காரு தம்பி, இல்லாட்டி வண்டி கவுந்துடும் லா" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், அவன்தான் அதிகமாகச் சிரிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதித் திடலில் கபடி நடந்தது. எதிர் அணி முழுவதும் அவன்மேல் விழுந்தது. அவன் எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். அந்தக் கண்ணைப் பார்த்தேன். பூசத்தன்று நான் தேடுகிற கண் அது.

ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடைக்கு மாடியில் கூண்டுச் சண்டை சொல்லிக்கொடுக்கும் ஜிம் இருக்கிறது. எம்எம்ஏ என்பார்கள். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். அங்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கபடியில் காலைப் பிடிக்கிற அதே பிடியில் அவர்களுடைய பெரிய ஆளைத் தூக்கிப் பாயில் போட்டான். அவ்வளவு எடையுள்ள ஆட்கள் இந்த வட்டாரத்தில் அபூர்வம். ஜிம்காரர்களே வேறு வேலை பாஸ் எடுத்து அவனைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. அதனால் ஒவ்வொரு சண்டைக்கும் நான் அவனுடைய மூலையில் நின்றேன். கோச் சொல்வதை அவனுக்குத் தமிழில் சொல்வேன், அவன் சொல்வதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வேன்.

முதல் சண்டையில் அறிவிப்பாளர் 'இரு-டா-யா' என்று தடுமாறினார். அதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. அதன்பிறகு வரிசையாக வெற்றிதான். பேங்காக், மணிலா என்று போனோம். தேக்கா மார்க்கெட்டில் அவனால் சும்மா நடக்க முடியாது, செல்ஃபி எடுக்க ஓடி வருவார்கள். பிரியாணிக் கடை ஷபானா அவன் தட்டில் இரண்டு ஆள் சாப்பாட்டை வைத்துவிட்டு, "சாப்பிடு லா, நீ மெலிஞ்சா எங்களுக்குத்தான் கேவலம்" என்பாள். அவன் முன்னால் போவான், நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், என் வாழ்நாளில் அப்படிச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஹெவிவெயிட் சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை இங்கேயே, சிங்கப்பூரிலேயே முடிவானது. எதிராளி மங்கோலியாக்காரன். அதற்கு இரண்டு வாரம் முன்பு, பஃபலோ ரோட்டில் தே தாரிக் குடிக்கும்போது இருதயராஜ் கிளாஸை வைக்கப் போனான். மேசையில் வைக்காமல் காற்றில் வைத்தான். கிளாஸ் விழுந்து உடைந்தது.

"அண்ணே, இதோட போதும்ணே" என்றான். "மண்டைக்குள்ள வண்டு கொடையுற மாதிரியே இருக்கு. வீட்டுல மரியம்மாளும் ஊருக்கு வரச் சொல்லி அழுகுது."

"பெல்ட்டு கைக்கு வர்ற நேரத்துல ஊருக்குப் போறேங்கிறியே."

"டாக்டர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிருவமாண்ணே? நீங்க சொன்னாத்தான் சரியாச் சொல்லுவீங்க."

"நான் சொல்றேன், நீ கவலைப்படாதே" என்றேன்.

பரிசோதனை அன்று டாக்டர் தலைவலி உண்டா என்று கேட்டார். இருதயராஜ் விலாவாரியாகச் சொன்னான். வண்டு, கிளாஸ், எல்லாம். நான் டாக்டரிடம், கொஞ்சம் தூக்கம் குறைவு, மற்றபடி நன்றாக இருக்கிறான் என்றேன். இவ்வளவு பேசினானே என்று டாக்டர் கேட்டார். தமிழ் நீளமான மொழி என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "என்னண்ணே சொன்னாரு?" என்று இருதயராஜ் கேட்டான். "ஒண்ணுமில்லையாம், எல்லாருக்கும் வர்றதுதானாம்" என்றேன். அவன் முகம் தெளிந்தது. பயத்தோடு கூண்டுக்குள் போகவிடுவதா நல்லது? நீங்களே சொல்லுங்கள்.

சண்டையின் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். முதல் சுற்று இவனுடையது. இரண்டாவதில் அடி வாங்கினான். மூன்றாவதில் நிறைய வாங்கினான். மணி அடித்ததும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கோச் புருவத்தில் ரத்தத்தை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் அவனுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, வலது கண்ணு தெரியல. கையெல்லாம் மரத்துப்போச்சு. போதும்னு சொல்லிருங்கண்ணே."

டாக்டர் வந்து குனிந்தார். மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "எங்கண்ணே காட்டுறாரு?" என்றான் இருதயராஜ். நான் "த்ரீ" என்றேன். மூன்று விரல்தானே காட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை. தொடர விரும்புகிறானா என்று நடுவர் கேட்டார். அவன், "வேணாம்ணே, மரியம்மாளுக்கு நான் வேணும்" என்றான். மனைவிக்காக ஜெயிக்க வேண்டும் என்கிறான் என்று சொன்னேன். நடுவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

'ஸ்டாப்' என்ற சொல் அவனுக்கும் தெரியும் அல்லவா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவன் ஏன் சொல்ல வேண்டும்? அதற்குத்தான் நான் இருந்தேனே. அவன் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவடிக்காரர்கள் பார்ப்பது மாதிரியே பார்த்தான். என்னிடம் ஒன்று கேட்டான். இரண்டே வார்த்தையில் பதில் சொன்னேன். வாய்க் கவசத்தை மாட்டிவிட்டேன். எழுந்தான். அவனாகத்தான் எழுந்தான், நான் கை கொடுக்கவில்லை.

கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடு மேடைக்குப் போய் வலது கையை நீட்டினான். சுற்றுத் தொடங்கும்போது கையுறையைத் தொட்டுக்கொள்வது இந்த விளையாட்டில் ஒரு மரியாதை. ஆனால் கட்டாயம் இல்லை. மங்கோலியாக்காரன் தொடவில்லை, அடித்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த மங்கோலியாக்காரனை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பாவம், இருதயராஜ் நினைவில்லாமல் கிடந்த ஆஸ்பத்திரிக்கு அவன் பழக்கூடையோடு வந்து, அத்தனை பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். ஊரிலிருந்து வந்திருந்த மரியம்மாளிடம் அவன் மன்னிப்புக் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னய்யா பண்ணுவீங்க" என்றாள். அதையும் சரியாகச் சொன்னேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

மரியம்மாள் ராமநாதபுரத்தைத் தாண்டாதவள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி நின்றாள். என்னைத்தான் அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தாள். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் எப்போதும் அங்கேயே இருந்ததால் டாக்டர்களும் என்னையே கூப்பிட்டார்கள். மூளை திரும்பாது, இயந்திரம்தான் மூச்சு விடுகிறது, இதைத் தொடர்வதில் அர்த்தமில்லை என்று பெரிய டாக்டர் பக்குவமாகச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாளில் கண் திறக்கலாமாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் முட்டாள் இல்லை. கணவனின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது அவுக இல்லண்ணே. அவுகள விட்டுறச் சொல்லுங்க. ஊருக்குக் கொண்டுபோயி எங்க கோயில் கல்லறையில வச்சுக்கிறேன்."

எல்லாம் செய்து பாருங்கள் என்கிறாள், கடவுள்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன். கழுத்தில் துளை போட்டார்கள். அவள் மறுபடி கேட்டாள். சட்டப்படி முடியாதாம் என்றேன். இன்னொரு அறுவை செய்தார்கள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இளைத்துப்போனாள். சோறு வாங்கிக் கொடுத்தது நான்தான். அவளுக்கும் அவனுக்கும் முன்னால் நின்று, "இன்னும் ரெண்டு அடி, ரெண்டே அடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அனுப்ரியா என்று ஒரு தாதி, திருநெல்வேலிப் பெண், புதிதாக அந்த வார்டுக்கு வந்தாள். டிரிப் பாட்டிலை மாற்றுவது மாதிரி நின்று, மரியம்மாள் சொன்னதையும் நான் டாக்டருக்குச் சொன்னதையும் கேட்டுவிட்டாள். நேரே மரியம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்ப என்ன சொன்னீங்களோ அத என்கிட்ட ஒருக்கா சொல்லுங்க."

அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் இயந்திரத்தை நிறுத்தினார்கள். மரியம்மாள் இறக்கி வைத்துவிட்டாள். வார்டு வாசலில் என்னைப் பார்த்து, "ஏண்ணே?" என்றாள். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. இவ்வளவு செய்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது?

இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து ஒன்றையே கேட்கிறார். மூன்று சுற்று முகத்தைக் காத்தவன் நான்காவதில் ஏன் கையைத் தொங்கப்போட்டான்? மயக்கமா, மரத்துப்போனதா? காணொளியில் என் முதுகு மட்டும்தான் தெரிகிறது. கூட்டத்தின் சத்தத்தில் பேச்சு கேட்காது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மரியம்மாளுக்கு அது தெரிவது நல்லது. அவள் மனம் ஆறும்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, நடுவர் தோளைத் தட்டிவிட்டுப் போனதும், அவன் என்னைக் கேட்டான்:

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லிட்டேன், தம்பி" என்றேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தான். வாய்க் கவசம் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, நான் நீட்டினேன், வாயைத் திறந்தான். எழுந்து, தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கை கொடுப்பானே, அந்த மாதிரிக் கை கொடுக்கத்தான் போனான். காணொளியை நிறுத்திப் பாருங்கள், அவன் முகத்தில் சிரிப்பு இருக்கும். வண்டியில் நடு இருக்கையில் உட்கார்ந்து சிரிப்பானே, அதே சிரிப்பு. ஊருக்குப் போகிறோம் என்ற சந்தோஷம். வலியும் இல்லை, பயமும் இல்லை. அதை அவனுக்குக் கொடுத்தது நான்.

இதை அப்படியே எழுதுங்கள், சுஷ்மிதாம்மா, ஒரு சொல்லையும் விட்டுவிடாதீர்கள். மரியம்மாளிடமும் சொல்லுங்கள். உட்கார்ந்துவிட்டவனை நான் எழுப்பி நடக்க வைத்தேன். நடுவழியில் அவன் இறக்கி வைக்கவில்லை.