கூப்பிடாத காதுகுத்து

பென்னாகரத்திலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். இண்டூர் வந்ததும் ஜன்னலோரத்தில் இருந்தவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இந்த ஊர்ல என் பாட்டப் போட்டுக் கெடா வெட்டியிருக்கானுங்க மச்சான். என்னைக் கூப்பிடவே இல்ல.”

“யாருடா?”

“ஒரு காதுகுத்து. நான் பாடி நெட்ல போட்டத மைக்செட்டுக்காரன் டவுன்லோடு பண்ணி, காலையில இருந்து ஓட்டியிருக்கான். ஒரு வார்த்தை கேக்க வேணாமா? இது திருட்டு இல்லையா?”

“திருட்டுதான். ஆமா, பாட்டுக்குப் பின்னாடி வர்ற மியூசிக் நீ போட்டதா?”

“அது சினிமா மியூசிக்குடா. ஏதோ ஒரு சைட்ல இருந்து எறக்குனேன்.”

“நீ அவங்களக் கேட்டியா?”

“அவங்க மெட்ராஸ்ல இருக்காங்க, எங்க போய்க் கேக்கறது? இந்த மைக்செட்டுக்காரனுக்கு எங்க வூடு தெரியும்ல!”