சும்மாட்டின் மேல் ஒரு டேலியா

தெமோதரையில் ரயிலேறி என் எதிரே அமர்ந்த பெண், மடியிலிருந்த பூந்தொட்டியை அணைத்தபடி கணவனிடம் சொன்னாள்: "துரைசாணி பூவு கருகிப்போச்சு. இது என் பூவு."

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் பூந்தோட்டக்காரனான அவன் சுற்றிலும் பார்த்தான். "மெதுவாப் பேசு ராக்கு. பூச்சங்கம் கண்காட்சி தொடங்குன வருஷத்துலேர்ந்து கோப்பை துரைசாணிக்குத்தான். இத அவங்க பூவுன்னுதான் வைக்கணும், இன்னைக்குத் தவறுனா என் வேலை போயிரும்."

"உரத்த அள்ளிக் கொட்டிக் கருக்குனது யாரு? நான் நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால, அரிசி கழுவுன தண்ணிய ஊத்தியே வளத்தேன்."

"அதுக்கு இப்ப என்னாங்கிற?"

"கோப்பைய அவங்களே வச்சுக்கட்டும். கண்காட்சிக் கூடாரத்துக்குள்ள வந்து என் பூவ நான் பாக்கணும்."

"லயத்து ஆளுங்கள விடமாட்டாங்க. சுமை தூக்குறவங்க மட்டுந்தான் உள்ள போகலாம்."

பனியை விலக்கிக்கொண்டு பதுளை வந்தது. அவன் தொட்டிக்குக் கை நீட்டினான். அவளோ முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டி, தொட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கூட்டத்துக்கு மேலே அந்தச் சிவப்பு டேலியா ஆடியது.

"யாருன்னு கேட்டா பொண்டாட்டின்னு சொல்லிராதீங்க," என்றாள். "கூலின்னு சொல்லுங்க."