புகைக்கல்லுக்குள் பஞ்சு

நீங்கள் குடிக்கக் கொடுத்தது சிறுவாணித் தண்ணீர்தானே, ஐயா? வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீரில் துளி உப்பு இருந்தாலும் என் நாக்கு சொல்லிவிடும். மூன்று வருஷம் அதுதான் என் வேலை.

என் பெயர் சாமியாத்தாள். சிங்காநல்லூரில் செத்துப்போன நஞ்சுண்டனின் அண்ணன் மனைவி. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போன பிறகும் அந்த வீட்டிலேயே இருந்தேன். நஞ்சுண்டன் மதராசில் ரசாயனம் படித்தவர். அமெரிக்காவில் யாரோ செய்த ஒரு புதுப்பொருளைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்துவிட்டு, முப்பத்து நாலில் பருத்தியில் கொட்டை நீக்கும் எங்கள் ஜின்னிங் பேக்டரிக்குப் பின்னால் கொட்டகை போட்டார். அவர் அதை ஏரோஜெல் என்பார். நான் புகைக்கல் என்பேன்.

செய்முறையைச் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் நான் செய்தது விளங்கும். சோப்புக்காரர்கள் வாங்கும் வாட்டர் கிளாஸ் என்ற பாகு மாதிரித் திரவத்தில் ஆசிட் கலந்தால் நுங்கு மாதிரி உறையும். அதை உப்புப் போகக் கழுவ வேண்டும்; போயிற்றா என்று கழுவிய தண்ணீரை நாக்கில் வைத்து நான்தான் சொல்வேன். சும்மா காயவிட்டால் சுருங்கிக் கூழாங்கல்லாகிவிடும். அதனால் ஸ்பிரிட்டில் திரும்பத் திரும்ப ஊறவைத்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, கனத்த இரும்புக் கலத்தில் அடைத்து அடுப்பேற்ற வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறிய பின் மெல்ல மெல்லத் திறந்துவிட்டால் இளநீலமாக ஒரு கட்டி மிஞ்சும். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. அதன் மேல் தணலை வைத்தாலும் கீழே சூடு இறங்காது.

ஆனால் விரல் பட்டால் நொறுங்கும். ஒன்றரை வருஷம் நொறுங்கியதைத்தான் கூட்டி அள்ளினேன். ஒரு நாள் ஜின்னிங் பஞ்சு பறந்துவந்து உறையாத கூழில் விழுந்தது. அந்தக் கட்டி மட்டும் உடையவில்லை. அடுத்த முறை நானே பஞ்சைப் பிய்த்துப் போட்டேன். எவ்வளவு பஞ்சு, எந்த நீளம், எந்தப் பதத்தில் போடுவது என்று பிடிபட ஏழு மாதம் ஆயிற்று.

"நங்கையா, உங்களுக்குக் கோயலே கட்டோணுங்க" என்றார் நஞ்சுண்டன். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

போன தை மாதம் பம்பாய்க் கம்பெனிக்காரர்கள் இருவர் வந்தார்கள். மில்லில் நீராவிக் குழாய்களைச் சுற்றிப் பொதிய இவ்வளவு லேசான பொருள் வேறில்லை என்றார்கள். நான் மோர் கொண்டுபோனேன். பஞ்சு சேர்க்கும் யோசனை யாருடையது என்று ஒருவர் கேட்டார்.

"என்னுதுதானுங்க. ஒரு நா காத்தால எந்திரிச்சதும் தோணுச்சுங்க" என்றார் நஞ்சுண்டன்.

"இந்த அம்மா யாரு?"

"ஊட்டு மனுசிங்க. கழுவிக் குடுப்பாங்க."

அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. டம்ளர்களை எடுத்துவந்து கழுவி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "நங்கையா, நீங்க இனி ஊட்டுலயே இருங்க. நோட்டெல்லாம் எழுதோணும். ராசாத்தா படிச்சவ, அவ பாத்துக்குவா."

"செரிங்க" என்றேன்.

ராசாத்தாள் அவர் ஆவணியில் கட்டிவந்த பெண். எட்டாவது படித்தவள், நல்லவள். அவளும் என்னை நங்கையா என்றே கூப்பிடுவாள். அன்று சாயங்காலம் விளக்கெண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து, வெடித்துக் கிடந்த என் கைகளில் தடவிவிட்டாள். அவள் விரல்கள் மெத்தென்று இருந்தன. பிறகு நஞ்சுண்டன் செய்முறை எழுதிவைத்திருந்த நோட்டை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். "இதுல உங்க பேரே இல்லீங்களே நங்கையா. தப்புங்க. நானு அவருகிட்டப் பேசறனுங்க" என்று கண்கலங்கினாள். நான் செய்ததை எனக்கே அவள் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு தடவை நானே கலத்தை நிரப்பித் தருகிறேன் என்று நஞ்சுண்டனிடம் கேட்டேன். அவருக்கும் சந்தோஷம்தான். ஸ்பிரிட் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது. நான் கழுத்துவரை ஊற்றினேன். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் வால்வு பின்பக்கம் இருக்கிறது. அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். அழுத்தம் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்தால் அவர் ஓடமாட்டார். வால்வுக்கு என்ன வந்தது என்று குனிந்து பார்ப்பார். மூன்று வருஷம் கூடவே இருந்தவளுக்கு அது தெரியாதா?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெடித்தது. நான் கிணற்றடியில் இருந்தேன்.

அந்தக் கம்பியை நீங்கள் கண்டெடுத்துவிட்டீர்கள். உங்கள் ஏட்டு எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஓர் இடத்தில் பிழை இருந்தது. ராசாத்தாள் தற்செயலாக அங்கே இருந்ததால் அவளும் செத்தாள் என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அன்று அவள் பல்லடத்துக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறப் புறப்பட்டு நின்றாள். நான்தான் நிறுத்தினேன்.

"கண்ணு, முள்ளு எவ்வளவு ஏறுதுன்னு எழுதோணுமாம். நோட்டை எடுத்துக்கிட்டுப் போ. கிட்ட நின்னு பாத்து எழுது. அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கலாம்."

"செரிங்க நங்கையா. அப்படியே உங்க பேரையும் எழுதிப்போட்டு வாரனுங்க" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

எழுதினாளோ என்னவோ. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஐயா.