பேர் சொல்லாமல் எழுப்புவது

சினார்: சரி அண்ணி, இன்னொரு தடவை. வாயைத் திற. பெட்டி கேட்டுக்கிட்டிருக்கு.

ஊல்ஜான்: ம்... வந்து... அவங்க...

பெட்டி: பெயர் கேட்கவில்லை. உறங்குபவரின் பெயரை மூன்று முறை சொல்லவும்.

சினார்: 'அவங்க'ன்னா எவங்க? அந்த விண்கப்பல்ல நாப்பத்தொரு பேர் தூங்கிக்கிட்டே வியாழன் கிரகத்துப் பக்கம் போனாங்க.

ஊல்ஜான்: அதுல நாப்பது பேர் எழுந்தாச்சு இல்ல? மிச்சம் இருக்கிறது உங்கண்ணன் ஒருத்தர்தானே. அப்புறம் பேர் எதுக்காம்?

சினார்: கல்யாணமாகி ஒன்பது வருஷமாச்சு. இன்னும் வெக்கமா?

ஊல்ஜான்: வெக்கம் இல்லடி, பழக்கமில்ல. இந்த வீட்டு ஆம்பளைங்க பேர் ஒண்ணுகூட என் வாயில வந்ததில்ல. உங்கம்மா வாயிலயும் வந்ததில்ல.

சினார்: தெரியுமே. அப்பா புதுக் கதவு போட்டு, அவர் பேரைச் சொன்னாத்தான் திறக்கும்னு வச்சாரு. நீ ஒரு குளிர்காலம் பூரா ஆட்டுப்பட்டி வழியாத்தான் உள்ள வந்த. மருமக மேல ஏன் புழுக்கை வாசம் அடிக்குதுன்னு அவருக்கு இன்னிவரைக்கும் புரியலை.

ஊல்ஜான்: மாமனார் பேரைச் சொல்றதுக்குப் புழுக்கை எவ்வளவோ தேவலை.

சினார்: மாட்டு டாக்டருக்கும் அண்ணன் பேருதான். நீ அவரை 'ஊசிக்காரர் ஊசிக்காரர்'னே கூப்பிட்டு, பாவம், இப்ப அவரே போர்டுல அப்படித்தான் எழுதி வச்சிருக்காரு.

ஊல்ஜான்: இந்தா, போர்சோக் எடுத்துக்கோ. இப்பதான் பொரிச்சேன், சூடா இருக்கு.

சினார்: பேச்சை மாத்தாத. மேய்ப்புப் பொறி ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தாச்சு, பாரு. சூரியன் மலைக்குப் பின்னால இறங்கறதுக்குள்ள அனுப்பியாகணும். உன் குரல் அங்க போய்ச் சேரவே முக்கால் மணி ஆகும்.

ஊல்ஜான்: உங்கப்பா எங்க?

சினார்: வெளியில குதிரையைத் தேய்ச்சுக்கிட்டிருக்காரு. காலையிலேர்ந்து இது மூணாவது தடவை.

ஊல்ஜான்: பாவம் குதிரை.

சினார்: அண்ணி...

ஊல்ஜான்: நாளைக்குச் சொல்லட்டுமா? இன்னிக்குத் தொண்டை ஒரு மாதிரி...

சினார்: நாளைக்குன்னு ஒண்ணு இல்ல.

ஊல்ஜான்: ஏன்?

சினார்: சும்மாதான். அவங்களுக்கு வேற வேலை இருக்குமாம்.

ஊல்ஜான்: குட்டி, என்னைப் பார்த்துச் சொல்லு.

சினார்: ...எழுப்பற மருந்தைக் குடுத்துட்டுத்தான் வீட்டுக் குரலைக் கேக்க வைப்பாங்க, அதை இன்னும் ஒரே ஒரு தடவைதான் குடுப்பாங்களாம். அதுக்கு மேல உடம்பு தாங்காதாம். இன்னிக்கும் எழலைன்னா அப்படியே குளிர்ப்பெட்டியில வச்சு மூடிடுவாங்க. கப்பல் திரும்பி வந்தப்புறம் இங்க ஆஸ்பத்திரியில வச்சுத்தான் எழுப்புவாங்க.

ஊல்ஜான்: கப்பல் எப்ப வரும்?

சினார்: பதினோரு வருஷம் ஆகும். அழாத அண்ணி.

ஊல்ஜான்: அழலை. கணக்குப் போடறேன். தூங்கறவருக்கு வயசே ஏறாது. அவர் முப்பத்தாறுலயே இருப்பாரு, எனக்கு நாப்பத்தஞ்சு ஆயிருக்கும். வாசல்ல வந்து நின்னு, "அக்கா, ஊல்ஜான் எங்க?"ன்னு என்கிட்டயே கேப்பாரு.

சினார்: போ அண்ணி. உன்னைத் தெரியாமப் போயிடுமா அவனுக்கு?

ஊல்ஜான்: எழுந்துட்டா வாரத்துக்கு ஒரு தடவை பேசலாம்னாங்க. எனக்குப் பேசக்கூட வேணாம்டி. அவர் தும்மறதைக் கேட்டாக்கூடப் போதும். மூணு வருஷம் ஆச்சு.

சினார்: இதையும் கேட்டுடு. ஒவ்வொருத்தரா எழுப்பறாங்க, அண்ணன் முறை இன்னிக்குத்தான்னு சொன்னேனே... பொய். போன மாசமே அப்பா குரலை அனுப்பியாச்சு. அப்புறம் என் குரலையும் அனுப்பினோம். "துருஸ்பெக் அண்ணா"ன்னு தொண்டை கட்டற வரைக்கும் கத்தினேன். இமைகூட அசையலையாம்.

ஊல்ஜான்: என்கிட்ட ஏன் மறைச்சீங்க?

சினார்: அப்பாதான். நீ தாங்கமாட்டன்னு. இதுல அந்தக் கப்பல் ஆளுங்களுக்கு எண்ணக்கூடத் தெரியலை. அப்பா ஒண்ணு, நான் ஒண்ணு, ரெண்டு தடவைதானே ஆச்சு? மூணு தடவை மருந்து குடுத்தாச்சுங்கறாங்க.

ஊல்ஜான்: மூணு...

சினார்: என்ன அண்ணி?

ஊல்ஜான்: ஒண்ணுமில்ல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவர் எழமாட்டாரு.

சினார்: உனக்கு எப்படித் தெரியும்?

ஊல்ஜான்: தெரியும், விடேன். அந்தப் பேரை என் குரல்ல அவர் கேட்டதே இல்ல. யாரோ பொம்பளை கூப்பிடறான்னு திரும்பிப் படுத்துக்குவாரு. நான் கூப்பிடறது வேற மாதிரி.

சினார்: அப்ப அப்படியே கூப்பிடேன்.

ஊல்ஜான்: ஏங்க...

பெட்டி: பெயர் கேட்கவில்லை. உறங்குபவரின் பெயரை...

சினார்: இதைச் செஞ்சவனுக்குப் பொண்டாட்டியே இல்ல போலிருக்கு. ...இரு இரு. பேரு வேணும்கறது இந்தப் பெட்டிக்குத்தானே? அதை நான் சொல்லிடறேன். முடிச்சதும் நீ பிடிச்சுக்கோ.

ஊல்ஜான்: ஏத்துக்குமா?

சினார்: ஏத்துக்கலைன்னா உதைப்பேன். பக்கத்துல வா. கையைக் குடு... ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? சரி. துருஸ்பெக். துருஸ்பெக். துருஸ்பெக்.

பெட்டி: பெயர் கிடைத்தது. பதிவு தொடர்கிறது.

சினார்: பேசு அண்ணி. நான் வேணா வெளியில போயிடட்டுமா?

ஊல்ஜான்: வேணாம், இரு. நீயும் கேளு. ...ஏங்க, நான்தான். விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, எழுந்திரிங்க. உங்க தங்கச்சிக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. எல்லாருக்கும் முன்னாடி கப்பல் ஆளுங்க என் குரலைத்தான் கேட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுல யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டு, ஆத்தோரமா தனியாப் போய் நின்னு, உங்க பேரை மூணு தடவை சொல்லி அனுப்பிட்டேன். நீங்க எழலை. நான் பேர் சொன்னதாலதான் எழலைன்னு அன்னிலேர்ந்து தினம் செத்துக்கிட்டிருக்கேன். கோவம்னா எழுந்து ரெண்டு திட்டுத் திட்டுங்க. அதைக் கேக்கத்தான் உக்காந்திருக்கேன். ஏங்க... உங்களைத்தான்.