மந்திரி எந்த ரோட்டுல வர்றாரு?

— மிலாத் அண்ணே, எந்திரி. சத்தியமா எந்திரி. விடிஞ்சா என்னைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க.

— யாருடி?

— கவர்மெண்டு.

— எந்தக் கவர்மெண்டு? நம்ம நாட்டுலதான் ரெண்டு இருக்கே.

— அது தெரியாமத்தானே இவ்ளோ பிரச்சினையும்!

— அடியே திப்ரா, மூணு நாளா பேரீச்சம்பழ லாரி ஓட்டிட்டு இப்பத்தான் திரிபோலில இருந்து வந்து படுத்தேன். கரண்டும் இல்ல. இருட்டுல நீ மூக்கு உறிஞ்சுற சத்தம்தான் கேக்குது. சுருக்கமாச் சொல்லு.

— இன்னைக்கு எங்க ஸ்கூலுக்கு மந்திரி வந்தாரு.

— திரிபோலி மந்திரியா, பெங்காசி மந்திரியா?

— ரெண்டு பேருமே வர்றதா லெட்டர். ரெண்டு பேருமே கல்வி மந்திரி. ஒரே கக்கூஸைத் திறந்து வைக்க.

— உங்க அஜீலி வாத்தியார் சும்மா இருக்க மாட்டாரே. வரலாறு நோட்டுல கடைசிப் பாடத்தை மட்டும் பென்சில்ல எழுதச் சொல்ற ஆளாச்சே.

— ஒரே துணியில ரெண்டு பக்கமும் படம் போட வச்சாரு. இந்தப் பக்கம் திரிபோலிப் பிரதமர், மீசைக்காரரு. அந்தப் பக்கம் பெங்காசிப் பிரதமர், கண்ணாடிக்காரரு.

— துணி ஏது?

— முன்ன நாட்டை ஆண்ட கர்னல் காலத்துப் பச்சைக் கொடி. பீரோவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தாராம். பெயிண்டு பத்தல. மீசை பச்சையாத் தெரிஞ்சுது.

— யா சலாம்! ஒரே துணியில மூணு ஆட்சி!

— சிரிக்காதண்ணே. மொட்டை மாடியில நான்தான் நின்னேன், கையில கயிறு. திரிபோலி ரோட்டுல கார் வந்தா விடணும், மீசை தெரியும். பெங்காசி ரோட்டுல வந்தா இழுக்கணும், துணி திரும்பிக்கும்.

— ஸ்கூல்ல வேற ஆளே இல்லியா?

— எங்க வகுப்புல எனக்கு மட்டுந்தான் கிழக்கு மேற்கு தெரியும்.

— சரி, கார் எந்த ரோட்டுல வந்துச்சு?

— பெங்காசி ரோட்டுல. பதினோரு வண்டி. சத்தியமா எண்ணுனேன். இழுத்தேன். பசங்க கைதட்டுனாங்க. கதவைத் திறந்து இறங்குறது... திரிபோலி மந்திரி!

— ஐயையோ!

— கிப்லி பாலைவனக் காத்து மண்ணை வாரிப் போட்டு அவரு ரோடு மூடிருச்சாம். அதான் சுத்தி வந்தாராம்.

— பாத்துட்டுக் கத்துனாரா?

— கத்தியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். மூஞ்சி வெளுத்துப்போச்சு. படத்தையே பாத்தாரு. மூணு கிளாஸ் தண்ணி குடிச்சாரு. ரிப்பனை வெட்டாம கத்தரிக்கோலை எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் வாத்தியார்கிட்ட மெதுவா, "இது யார் வேலை?"ன்னாரு.

— வாத்தியார் சமாளிச்சிருப்பாரே.

— சமாளிச்சாரு. நேரா மாடியில என்னைக் கைகாட்டி. என் பேரு, அப்பா பேரு, வகுப்பு, எல்லாத்தையும் ஒருத்தன் எழுதிக்கிட்டான்.

— பெங்காசி மந்திரி?

— அவரு வரவே இல்ல.

— இரு இரு. ரோடு மூடிருச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?

— மந்திரியேதான். யாரும் கேக்கல. தானா ரெண்டு தடவை சொன்னாரு.

— நான் வந்ததே அந்தத் திரிபோலி ரோட்டுலதாண்டி. மண்ணாவது மட்டையாவது! துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு.

— அப்புறம் எதுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்தாரு?

— இந்தா, கரண்டு வந்துருச்சு. டிவியைப் போடு. சத்தம் வைக்காத, அம்மா எந்திரிச்சிருவா.

— அண்ணே... அதே மந்திரி! பக்கத்துல சிரிச்சிட்டு உக்காந்திருக்கிறது மீசைக்காரரு இல்ல. கண்ணாடிக்காரரு!

— கீழ எழுத்து ஓடுது பாரு. பெங்காசி பக்கம் தாவிட்டாராம். அங்கயும் கல்வி மந்திரியாம்.

— அப்ப நான் இழுத்தது சரியான பக்கம்தானா? அல்ஹம்துலில்லாஹ்! நான் தூங்கப் போறேன்.

— எங்கடி ஓடுற? மிச்சத்தையும் படி. அவரு தாவப்போறது பொண்டாட்டிகிட்டகூட சொல்லாத ரகசியமாம். அதைக் காலையிலயே துணியில போட்டு ஊருக்குக் காட்டுன உளவாளியைப் பிடிக்க ரெண்டு கவர்மெண்டும் சேர்ந்து கமிட்டி போட்டிருக்காங்க.

— ரெண்டும் சேர்ந்தா?

— ஆமாடி. பத்து வருஷத்துல இந்த நாடு ஒண்ணு சேர்ந்தது இதான் மொத தடவை, அதுவும் உன்னைப் பிடிக்க.