சுட்டவருக்கு ஒரு கைதட்டல்

ஹலோ... ஆமா, நீல்டாதான். பிரிஞ்சுபோன பொண்டாட்டி நம்பருக்குப் போட்டா வேற யாரு எடுப்பா?... நம்ம பொண்ணு மிலி கிளம்பிட்டா, பஸ்ல வந்துகிட்டிருக்கா... ஏன் உனக்கு மூச்சு வாங்குது?

என்னது... கறி கல்லு மாதிரி ஆயிடுச்சா? இந்த ரொசாரியோ ஊருலயே என்னை மாதிரி மாட்டுக்கறி சுட ஆளில்லன்னு மார் தட்டின ஒஸ்வால்தோவா பேசுறது?... இல்ல, சிரிக்கல... சரி, சிரிச்சேன்.

ம்... ம்... எப்ப அடுப்புல வச்சே?... காலையிலயேவா! சின்னத் தீயிலயா! ஏய்யா, அது இரும்புச் சட்டிய்யா. தோட்டத்துல நீ கரி மூட்டி, தணல்ல காட்டி, அரைநாள் சுடுவியே, அந்தக் கதை சட்டியில நடக்குமா? கறி தண்ணி விட்டு அதுலயே குளிச்சிருக்கு. நீ பக்கத்துல ஒயின் கிளாஸோட காவல் நின்னிருக்கே.

ஆமா ஆமா, மாடி வீட்டுல கரி மூட்ட விடமாட்டாங்க, தெரியும்... அதத் தூக்கி நாய்க்குப் போடு. வேற துண்டு இருக்கா?... பொழச்சே.

தெரியும்டா. 'அப்பா வீட்டுல நல்லா இல்லன்னா இனிமே போகமாட்டேன்'னு எங்கிட்டயும்தான் சொன்னா. அவளுக்காகத்தான் போனை வைக்காம இருக்கேன், உனக்காக இல்ல.

துணியால ஈரத்தை ஒத்தி எடு... துவைச்ச துணிய்யா! கல்லுப்பு தூவு. சட்டிய காய விடு... பத்தாது. இன்னும்... புகை வருதா? வரட்டும், ஜன்னலைத் திற. இப்பப் போடு... ஆங், அந்தச் சத்தம்தான்! அமுக்காதே. கரண்டியால குத்தாதே... குத்துறே, எனக்குக் கேக்குது! அதுவா சட்டிய விட்டு வரும், அப்பத் திருப்பு. ஒரே தடவை.

இதுல என்ன ஆச்சரியம்? ஒண்ணா இருந்தப்ப வாரம் பூரா உனக்கு இப்படித்தானே சுட்டுப் போட்டேன். வேலைக்குப் போய்ட்டு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம. ஒருத்தராவது கை தட்டினீங்களா? ஐயா ஞாயித்துக்கிழமை கரியைக் கிளறினா மட்டும் மேசையில இருக்கிற மொத்தப் பேரும் 'சுட்டவருக்கு ஒரு கைதட்டல்!' நீயும் குனிஞ்சு கும்பிடு போடுவே, பெரிய நாடகக்காரன் மாதிரி.

திருப்பிட்டியா?... செவந்திருக்கா? எடு. தட்டுல வச்சு மூடு. உடனே வெட்டாதே... மணி அடிக்குதா? போ, திற. போனை வைக்காதே.

...

...என்ன சத்தம் அது? கை தட்டுறாளா?

...மிலியா? சொல்லு கண்ணு... நல்லா இருக்கா?... என்னோடதை விடவா?... ம். இல்லடி, நான் ஒண்ணும் சொல்லித் தரல. உங்கப்பாவேதான் செஞ்சாரு... அடுத்த ஞாயிறும் போறியா? போ... அப்பாகிட்ட குடு.

கேட்டுச்சு, கேட்டுச்சு. நீ ஒண்ணும் நன்றி சொல்ல வேண்டாம்... எனக்கா? ரொட்டி இருக்கு, பாலாடைக்கட்டி இருக்கு. ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பு?... இந்தப் பரிதாபப்படுற வேலையெல்லாம் வேண்டாம், உனக்கு அது வராது.

கைதட்டலை வாங்கிக்கிட்டே இல்ல? சட்டியையும் நீயே தேய்.