கவனக்குறைவு அல்ல

காரில் பெரிய ஸ்பீக்கர் வைப்பவன் எல்லாம் ஊர்சுற்றிப் பயல் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அது தவறு, ஐயா. என் வாடிக்கையாளர்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத ஒரு தையல்காரர் இருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் சொல்வதைக் கேட்டு அலுத்தவர்கள்தான், வண்டிக்குள் உட்கார்ந்ததும் தமக்குப் பிடித்ததைக் கேட்க ஆசைப்படுகிறார்கள். நான் ரவுடிகளுக்கு வேலை செய்கிறவன் என்று உங்கள் ஏட்டு வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். என் காது கொஞ்சம் நல்ல காது, விழுந்துவிட்டது. அவர்மேல் கோபமில்லை. ஆனால் வாக்குமூலம் என்று எழுதுகிறபோது இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். ஏன் வந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

ஆம்ப் என்பது ஒரு உலோகப் பெட்டி, டிக்கியில் கிடக்கும். முன்னால் டேஷ்போர்டில் இருக்கிற செட்டிலிருந்து பாட்டு மெலிந்து வரும். ஆம்ப் அதை ஊதிப் பெருக்கி ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கருக்குத் தள்ளும். அதற்குத் தீனி அதிகம், பேட்டரியிலிருந்தே தனியாக ஒரு தடித்த ஒயர் இழுக்க வேண்டும். பேட்டரி பேனட்டுக்குள் இருக்கிறது, ஆம்ப் பின்னால் இருக்கிறது. நடுவே, ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்துக்கு முன்னால், ஒரு இரும்புத் தகடு குறுக்கே நிற்கிறது. அதில் ஓட்டை போட்டுத்தான் ஒயரை உள்ளே கொண்டுவருவோம். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும் என்பதால் அதற்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டுவோம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போடுவோம். ஒயர் எங்காவது உரசித் தோல் போனால், ஃபியூஸ் தன் உயிரை விட்டு வண்டியைக் காப்பாற்றும். கடையில் கால் வைத்த முதல் வாரத்திலேயே எவனும் கற்றுக்கொள்கிற விஷயம் இது.

கஷ்டம் இரைச்சலில்தான். எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பினால், பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசு பாடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவும் சுருதியை ஏற்றும். இந்த இடத்தில் பாதிக் கடைக்காரர்கள் செட்டை மாற்று, ஸ்பீக்கரை மாற்று என்று வந்தவர் தலையில் புதுச் சரக்கைக் கட்டிவிடுவார்கள். எனக்கு அந்தப் பிழைப்பு பிடிக்காது. இரைச்சலை ஊகிக்கக் கூடாது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எது கழன்றதும் அமைதியாகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் கடைசியில் எர்த்தில், அதாவது ஆம்பிலிருந்து வண்டியின் இரும்பு உடம்பில் திருகுகிற ஒயரில் வந்து நிற்கும், பெயிண்டைச் சுரண்டாமல் திருகிவிட்ட எர்த். எர்த் சரியில்லாத ஆம்ப் பெட்டியில் எதைக் கொண்டுவந்து மாட்டினாலும் இரையத்தான் செய்யும். ஜனங்கள் மாட்டியதைத்தான் திட்டுவார்கள், பெட்டியைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

இனிக் குடும்பம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைதான் எனக்கு எல்லாம். அப்பா அம்மா போன பிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். கீழே கடை, மேலே வீடு. கடையின் முன்மேசையில் அவள் உட்காருவாள். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது அவள் பொறுப்பு, எனக்கு அது வராது. படிப்பு முடிந்ததும் ஏதோ அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று குதித்துக்கொண்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. கடையை யார் பார்ப்பது என்று கேட்டேன், அவ்வளவுதான். அவளாகவே போகாமல் இருந்துவிட்டாள். அவ்வளவு பாசம்.

மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். மருந்து விற்கிற கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை காரில் கிளம்பினால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். நல்ல வரன்கள் வேறு சிலவும் வந்தன. ஆனால் அவர்களெல்லாம் தினமும் வீட்டில் இருக்கிற ஆட்கள். கல்யாணம் முடிந்ததும் தனிக்குடித்தனம் என்று ஒரு பேச்சு எழுந்தது. மாடியில் அவ்வளவு இடம் கிடக்கும்போது வெளியே போவானேன் என்றேன். மாப்பிள்ளை சரி என்றார். எதற்கும் சரி என்கிற மனிதர். மாடியை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் கடைக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு மாறிக்கொண்டேன். இதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். அந்த அறைக்கு நேர் மேலேதான் அவர்கள் அறை.

சில மாதங்களில் வார இறுதிகளில் சண்டை ஆரம்பித்தது. கூரை வழியாக மாப்பிள்ளையின் குரல் மட்டும் இறங்கி வரும். கனத்த குரல் அவருக்கு. வார்த்தை எதுவும் பிடிபடாது, உறுமல்தான். தங்கையின் குரல் துளிகூட வராது. அவர் பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கிறார், அவள் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். தெருவில் போகிற காரிலிருந்து தும் தும் என்கிற அடிச்சத்தம் மட்டும்தானே வீட்டுக்குள் வருகிறது, பாடுகிறவளின் குரல் வருவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். கனத்த சத்தம் சுவரைத் தாண்டும், மெல்லிய சத்தம் தாண்டாது. அதெல்லாம் பாட்டுக்குச் சரி, ஐயா. இது குடும்பம்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் கீழே வந்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தாள். கண் வீங்கியிருந்தது.

“அண்ணா, அவரு வேற ஊருக்கு மாத்தல் கேட்டு வாங்கியிருக்காரு. தூரம்தான். நானும் கூடப் போகணும்.”

“உனக்குப் போகணும்னு இருக்கா?”

“அவர்தான் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நான் என்ன பண்றது?”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பிரிகிற துக்கம் என்று எனக்குப் புரிந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் இல்லாத கடையை நினைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்கிற முன்மேசை, நான் ஒருவனே வாங்கி வந்து நான் ஒருவனே தின்கிற பொட்டலம். ஆனால் என்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவள் நிம்மதியைத்தான் யோசித்தேன்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை வீடு அமைதியாக இருக்கிறது. வெள்ளி மாலை மாப்பிள்ளை வந்து சேர்ந்ததும் இரைச்சல் தொடங்குகிறது. திங்கள் காலை அவர் கழன்றுகொண்டதும் நின்றுவிடுகிறது. இதைவிடத் தெளிவான சோதனையை நான் எந்த வண்டியிலும் செய்ததில்லை.

இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து கேட்டார். இதைக் கவனிக்க வேண்டும், நான் அவரைத் தேடிப் போகவில்லை.

“மச்சான், இனிமே அவ்வளவு தூரம் ஓட்டணும். நம்ம கடை ஊஃபர் ஒண்ணு வண்டில வச்சுக் குடுங்களேன். பாட்டுப் போடும்போதெல்லாம் உங்க ஞாபகமா இருக்கும்.”

“வச்சுட்டாப் போச்சு மாப்பிள்ளை.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையில் இருந்ததிலேயே நல்ல ஆம்பைத்தான் அவருக்கு எடுத்தேன். ஊஃபருக்குப் பெட்டியை நானே அறுத்துச் செய்தேன். பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தேன், தகட்டில் ஓட்டை போட்டேன். ரப்பர் வளையம் மாட்டவில்லை. ஃபியூஸ் போடவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் எதையும் செய்துவிடவில்லை. செய்ய வேண்டியதில் இரண்டை விட்டுவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டியிலும் கொசு பாடியது. மிதிக்க மிதிக்க ஏறியது. மாப்பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“விடுங்க மச்சான், எனக்கும் கூடப் பாட ஒரு ஆள் வேணாமா? இது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. என் கடையிலிருந்து இரைச்சலோடு ஒரு வண்டி வெளியே போனதில்லை. மறுநாள் முழுக்க வேறு வேலை எதையும் தொடவில்லை. செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவருகிற சிக்னல் ஒயரைக் கரன்ட் ஒயரின் பக்கத்திலிருந்து பிரித்து அந்தப் பக்கக் கதவோரமாகக் கொண்டுபோனேன். பின் சீட்டைத் தூக்கிவிட்டு, எர்த் திருகுகிற இடத்தில் பெயிண்டை இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை சுரண்டினேன். முதுகு விட்டுப்போனது. கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்து, இன்ஜினை உறும விட்டேன். ஊஃபரிலிருந்து ஒன்றுமே வரவில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்கிற சுகம் வேறு யாருக்கும் புரியாது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாப்பிள்ளை முதலில் காரில் போய் வீடு பார்த்துச் சாவி வாங்குவது, தங்கை ஒரு வாரம் கழித்து ரயிலில் போவது என்று ஏற்பாடு. அதைச் சொன்னது நான்தான். அவள் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி நான் ஒரு காரியம் செய்வேனா? அவர் கிளம்பின அன்று காலை மூன்று பேரும் கடை வாசலில் நின்றோம். அவள் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் பாட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“துளி இரைச்சல் இல்ல மச்சான். உங்க கைக்கு மோதிரமே போடலாம்.”

“கண்ணாடிய நல்லா ஏத்திட்டுப் போங்க மாப்பிள்ளை. காத்துச் சத்தத்துல பாட்டு கெட்டுடும்.”

அவர் எதற்கும் சரி என்கிறவர் என்று சொன்னேன் அல்லவா, ஏற்றிக்கொண்டுதான் போனார்.

ஒரு ஒயர் விளிம்பில் உரசித் தோல் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அது சாலையைப் பொறுத்தது. எங்கே என்று எனக்குத் தெரியாது, எங்காவது என்று தெரியும். மத்தியானம் போன் வந்தது. காலுக்குப் பக்கத்தில் தீப் பிடித்து, மூடின வண்டிக்குள் புகை நிறைந்து, பாலத்துச் சுவரில் மோதி நின்றதாம். மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான், ஐயா. தெரிந்து, யோசித்து, நிதானமாகச் செய்தேன். இந்த வரியில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதன் பிறகு வீடு அமைதியாக இருந்தது. தங்கை கீழே வரவில்லை, மாடியிலேயே இருந்தாள். வார நாள், வார இறுதி என்ற வித்தியாசமே இல்லாமல் கூரையிலிருந்து ஒரு சத்தமும் இறங்கவில்லை. அழுகைகூடக் கேட்கவில்லை. நாம் பயந்த அளவுக்கு இல்லை, தேறிவிட்டாள் என்று நினைத்தேன். சாப்பாட்டை அவள் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருவேன். பாதித் தட்டு அப்படியே திரும்பும். பாதியாவது இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டேன். அவை நல்ல வாரங்கள்.

நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்ததுதான் வினை. எரிந்த வண்டியைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். தங்கையைக் கீழே கூப்பிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்.

“கவனக்குறைவும்மா, வேற ஒண்ணுமில்ல. வேலை தெரியாத ஆளு கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்.”

ஒயர் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதுவும் தங்கைக்கு முன்னால். பின் சீட்டுக்கு அடியில் தீ போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த எர்த்தை அவர் தூக்கிப் பார்த்தாரா? பார்த்திருந்தால் வேலை தெரியாதவன் என்று சொல்ல நா எழுந்திருக்குமா? நான் எதையும் கவனக்குறைவாகச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான், சட்டையை மாற்றிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

இந்த அளவோடு முடித்திருப்பேன். ஆனால் சற்றுமுன் நீங்கள் தங்கையை விசாரித்துவிட்டு வந்து என்னிடம் ஒன்று சொன்னீர்கள்.

“உங்க தங்கச்சிதான்ய்யா போகணும்னு தலைகீழா நின்னிருக்காங்க. அண்ணன்கூட ஒரே வீட்டுல இருந்தா மூச்சு முட்டுதுன்னு. அந்த ஆளு மாத்தல் கேட்டதே இவங்க விடாததாலதான், கடைசி வரைக்கும் வேணாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு. மச்சானுக்கு நம்மள விட்டா யாரு இருக்கான்னு. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அவங்க பழிய அவரு மேல போட்டிருக்காங்க.”

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கூரை வழியாக இறங்கி வந்த அந்தக் கனத்த குரல் முழுக்க எனக்காகப் பேசின குரலாம். என்னிடம் அவ்வளவு பிரியம் வைத்தவர் வேறு யாரும் இருந்ததில்லை. அவர் சாவுக்கு நான் உண்மையாகவே வருந்துகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தங்கை உள்ளதை உள்ளபடி முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நல்ல மனிதர் அநியாயமாகப் போயிருக்க மாட்டார். அவளிடம் இருப்பது ஸ்கூட்டர்தான். ஒரே ஒரு பிரேக் ஒயர், வேலையும் சீக்கிரம் முடிந்திருக்கும்.